பனிச்சரிவை அறிந்த பாப்பரசர்



ஆண்டுதோறும் கிறிஸ்து அரசர் திருநாளன்று நற்கருணைப் பவனிக்காகத் தெருவெல்லாம் தோரணம் கட்டுகிறீர்கள். அந்தத் திருநாளை 1925-ம் ஆண்டில் திருச்சபைக்கு ஏற்படுத்தித் தந்தவர் பதினோராம் பத்திநாதர் என்னும் பாப்பரசர். குருமடத்தில் அவரைப் பற்றி நான் படித்ததெல்லாம் இந்தத் திருநாளும், 1929-ல் இத்தாலி அரசோடு அவர் செய்துகொண்ட உடன்படிக்கையும், சில நிருபங்களுந்தான். பரீட்சைக்கு அவ்வளவு போதுமாயிருந்தது. அதே மனிதர் தமது 32-ம் வயதில், கையில் பனிக்கோடரியும் இடுப்பில் கயிறுமாக, ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மிகப் பயங்கரமான பனிச்சுவரில் ஏறினார் என்பதை அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. இவ்வாரம் அந்தக் கதையைக் கேளுங்கள்.

அவருடைய பெயர் அக்கில்லே ராத்தி. 1857-ம் ஆண்டு மே மாதம் 31-ந் தேதி, வட இத்தாலியில் மிலான் நகருக்கு அருகிலுள்ள தேசியோ என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் பிரான்சிஸ்கோ ஒரு பட்டு ஆலையின் நிர்வாகி. தாயார் பெயர் தெரேசா. தகப்பனாரின் உடன்பிறந்தவர் தமியானோ ராத்தி என்ற குரு, அசோ என்னும் மலையடிவாரக் கிராமத்தில் பங்குச் சுவாமியாராயிருந்தார். விடுமுறை விட்டால் சிறுவன் அக்கில்லே அங்கே போய்விடுவான். அந்தக் கிராமத்துச் சுற்றுப்புற மலைகளில்தான் அவனுக்குக் கால் பழகியது. 1879-ம் ஆண்டு டிசம்பர் 20-ந் தேதி ரோமையில் குருப்பட்டம் பெற்றார். மூன்று டாக்டர் பட்டங்கள் வாங்கி, மிலான் குருமடத்தில் போதித்து, 1888-ல் அந்நகரின் புகழ்பெற்ற அம்புரோசியார் புத்தகசாலையில் சேர்ந்தார். பழைய தோல் ஏடுகளைப் பிரித்து, தூசி தட்டி, எழுத்தெழுத்தாய் வாசிக்கிற வேலை. அதே ஆண்டில் இத்தாலிய மலையேறுவோர் சங்கத்தின் மிலான் கிளையிலும் உறுப்பினரானார். ஆண்டில் பதினோரு மாதம் ஏடுகளுக்குள் குனிந்திருந்தவர், கோடை விடுமுறை வந்தால் பனிமலைக்குப் போய்விடுவார்.

இனி நாம் பனியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நானும் பனிமலையைக் கண்ணால் பார்த்தவனல்லன். படித்தும் கேட்டும் அறிந்ததையே சொல்கிறேன். நமக்குப் பனி என்றால் மார்கழி அதிகாலையில் தலையை நனைக்கிற ஈரந்தான். ஆல்ப்ஸில் அது வானத்திலிருந்து பஞ்சுபோல் விழுந்து, குளிர்காலம் முழுவதும் மலைச்சரிவில் அடுக்கடுக்காகப் படிகிறது. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்கு. அடுக்குகள் ஒன்றோடொன்று நன்றாக ஒட்டிக்கொண்டால் ஆபத்து குறைவு. நடுவில் ஓர் அடுக்கு சர்க்கரைபோல் உதிர்ந்து கிடந்தால், அதற்கு மேலுள்ளதெல்லாம் சமயம் பார்த்து நிற்கிறது என்று அர்த்தம். ஒரு மனிதன் அதன்மேல் கால் வைத்தாலே போதும், பெரிய பலகைபோல் உடைந்து கீழே பாயும். இப்படிச் சிக்கி இறக்கிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேரின் விஷயத்தில், சரிவைக் கிளப்பிவிட்டது அவர்களுடைய சொந்தப் பாரமோ, கூட வந்தவர்களின் பாரமோதான் என்று இக்காலத்து ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

வீடு கட்டுகிற இடத்தில் மணல் கொட்டியிருந்தால், குவியலின் சாய்வைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அதற்குமேல் மணல் நிற்காது, சரியும். ஏறக்குறைய அதே சாய்வுள்ள இடங்கள்தான், அதாவது 30 பாகை முதல் 45 பாகை வரை சாய்ந்தவைதான், பனிமலையிலும் அதிக ஆபத்தானவை. அதைவிடச் செங்குத்தானால் பனி விழ விழவே கொஞ்சங் கொஞ்சமாய் உதிர்ந்துவிடும். குறைவான சாய்வில் பெரும்பாலும் தங்கிவிடும்.

வசந்தகாலம் வந்ததும் ஆபத்து வேறு வேஷம் போடுகிறது. வெயில் பட்டு மேற்பனி உருகி, அந்தத் தண்ணீர் அடுக்குகளுக்குள் இறங்கி, ஒட்டியிருந்த பனிமணிகளின் பிடியைத் தளர்த்திவிடுகிறது. இரவில் வானம் தெளிவாயிருந்தால் பனி தன் வெப்பத்தை மேலே விட்டுவிட்டு உறைந்துபோகும். விடியற்காலையில் அதன்மேல் ஒரு மனிதனை மட்டுமல்ல, பத்துப் பேரையும் தாங்கக்கூடிய கெட்டியான ஓடு இருக்கும். சூரியன் ஏறினால் அந்த ஓடு கரையும். முதலில் கணுக்கால் புதையும், பிறகு முழங்கால் புதையும். பனியுருண்டைகள் தாமாகவே சக்கரம்போல் உருண்டு வரத்தொடங்கும். அப்போதும் சரிவில் நிற்கிறவன் நேரம் கடந்து நிற்கிறான். இரவில் மேகம் மூடியிருந்தாலோ, மழை பெய்திருந்தாலோ பனி உறைந்திராது. அன்று விடியற்காலையிலும் போகக்கூடாது. ஈரப்பனி, உலர்ந்த பனியைப்போல் புயல்வேகத்தில் பறப்பதில்லை. ஆனால் அதன் கனம் பல மடங்கு. உருண்டு வந்து நின்றவுடன் சிமெண்டுபோல் இறுகிவிடும். உள்ளே அகப்பட்டவனால் விரலைக்கூட அசைக்க முடியாது. முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டியெடுத்தால் பெரும்பாலானவர்கள் பிழைப்பார்கள். அரை மணி நேரம் தாண்டினால் பிழைப்பவர்கள் மிகச் சிலரே.

சமவெளிக்கு அருகில் வசந்தத்தில் நடப்பது, 4,000 மீட்டர் உயரத்தில் ஜூலை, ஆகஸ்டு மாதங்களிலும் நடக்கிறது. நமது குருவின் கதைக்கு இது முக்கியமானது.

இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையில் மோந்தே ரோசா என்ற மலைக்கூட்டம் இருக்கிறது. அதன் சிகரமான துபூர் 4,634 மீட்டர் உயரம். ஆல்ப்ஸில் மோம்பிளானுக்கு அடுத்தது. இத்தாலியப் பக்கம் மக்குஞ்ஞாகா என்ற கிராமத்தில் நின்று பார்த்தால், மலையின் கிழக்கு முகம் 2,000 மீட்டருக்கும் அதிகமான ஒரே பனிச்சுவராக எழும்பி நிற்கும். ஐரோப்பாவில் இதற்கு ஒப்பான சுவர்கள் வெகு சில. நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு பெரிய பள்ளவாய் ஓடுகிறது. மேலே அடர்ந்த பனியெல்லாம் இறங்கிவர மலை தானே வைத்துக்கொண்ட வாய்க்கால் அது. சுவர் கிழக்கு நோக்கியிருப்பதால் உதயத்திலேயே வெயில் விழுந்துவிடும். மற்ற மலைகளில் காலை எட்டு மணிவரை கிடைக்கும் பாதுகாப்பு இங்கே கிடையாது.

1872-ல் மூன்று ஆங்கிலேயர் இந்தச் சுவரில் முதன்முதல் ஏறினார்கள். அவர்களை அழைத்துப் போனவர்களில் முதன்மையானவர் பெர்டினாண்டு இம்செங் என்ற வழிகாட்டி. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1881-ம் ஆண்டு ஆகஸ்டு 8-ந் தேதி, தமியானோ மரினெல்லி என்ற இத்தாலியக் கனவான் அதே இம்செங்கையும், பெத்ரன்சீனி என்ற இன்னொரு வழிகாட்டியையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். பள்ளவாயிலே பனிச்சரிவு வந்து மூவரையும் கொண்டுபோயிற்று. சுமைகாரர் ஒருவர் மட்டும் உயிர் தப்பினார். யோசித்துப் பாருங்கள்: அந்தச் சுவரை உலகத்திலேயே நன்றாக அறிந்திருந்தவன் இம்செங். அவனுக்குத் தெரியாத வழியல்ல. தெரிந்த வழி என்பதை மலை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இறந்தவரின் நினைவாக 1886-ல் அங்கே 3,000 மீட்டர் உயரத்தில் ஒரு சிறு தங்குகுடிசை கட்டினார்கள். அந்தப் பள்ளவாய்க்கும் மரினெல்லியின் பெயரே நிலைத்துவிட்டது.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் 1889-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி சங். ராத்தி மக்குஞ்ஞாகாவிலிருந்து புறப்பட்டார். கூட வந்தவர்கள் அவருடைய நண்பரான சங். லூயிஜி கிராசெல்லி என்ற குருவும், கூர்மையூர் கிராமத்து வழிகாட்டிகளான ஜூசெப்பே கதீன், அலேசியோ புரோமென் இருவரும். இத்தாலியர் மட்டுமே அடங்கிய குழு அதுவரை அந்தச் சுவரில் ஏறியதில்லை.

நம்முடைய பங்கில் துணைக்குரு ஒருவர் இப்படி ஒரு பயணத்துக்கு அனுமதி கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று யோசித்தேன். போகவேண்டாம் என்றுதான் சொல்வேன் என்று நினைக்கிறேன். பூசைக்கும் அவஸ்தைப் பூசுதலுக்கும் மக்களுக்குத் தேவையான குருவானவர் தமது உயிரைப் பனிச்சுவரில் ஏன் பணயம் வைக்கவேண்டும்? இந்தக் கேள்வி அவருக்கும் தெரியாததல்ல. மலையேற்றம் கழுத்தை முறித்துக்கொள்ளும் விளையாட்டல்ல, விவேகத்துக்கும் தைரியத்துக்கும் பயிற்சி என்பது அவருடைய உறுதியான அபிப்பிராயம். அப்படி எழுதவும் செய்தார். எழுதுவது எளிது. மெய்யாகவே அப்படி நடந்தாரா என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

அன்று மாலை குடிசைக்கு வந்து சேர்ந்தார்கள். நள்ளிரவு கடந்து ஏறக்குறைய ஒரு மணிக்கு விளக்கு வெளிச்சத்தில் கிளம்பினார்கள். காரணம் இப்போது உங்களுக்கே தெரியும். பனி உறைந்து கிடக்கும் போதே, கிழக்கில் வெளிச்சம் வருமுன்னே, பள்ளவாயைக் குறுக்கே கடந்து அப்புறத்துப் பாறைக்குப் போய்விட வேண்டும். அந்தப் பாறைமுதுகுக்கு இம்செங் என்றே பெயர். தாம் கால் ஊன்றுகிற கல்லுக்கு இறந்தவனின் பெயர் இருப்பதை அறிந்தே ஏறினார்கள்.

கடந்துவிட்டார்கள். ஆயினும் அதோடு வேறொரு கதவும் மூடிக்கொண்டது. வெயில் ஏறியபின் திரும்பி இறங்குவதென்றால் அதே பள்ளவாயைக் கெட்ட நேரத்தில் கடக்கவேண்டும். ஆகவே களைப்பானாலும், காலநிலை மாறினாலும், மேலே போவது ஒன்றே வழி. பகல் முழுவதும் ஏறினார்கள். பனி இளகின இடத்தில் புதைந்தும், கட்டியாயிருந்த இடத்தில் கோடரியால் படி வெட்டியும் போனார்கள். சுவரின் உச்சிக்கு வந்தபோது மாலை ஏழு மணிக்கு மேலாகிவிட்டது, இருட்டத் தொடங்கிற்று.

சிகரம் வெகு தூரமில்லை. எனக்கு இந்த இடந்தான் கதையிலே பெரிதாய்த் தோன்றுகிறது. அவசரக்காரன் இன்னும் கொஞ்சந்தானே என்று இருட்டிலே பாறையில் ஏறியிருப்பான். இவர்கள் நின்றார்கள். ஏறக்குறைய 4,600 மீட்டர் உயரத்தில், கால் வைக்க மட்டும் இடமிருந்த ஒரு பாறை விளிம்பில் இரவைக் கழிக்கத் தீர்மானித்தார்கள். காப்பி உறைந்து கட்டியாயிற்று. கொண்டுபோன முட்டையும் திராட்சரசமும் உதவவில்லை. தூங்கினவன் எழுந்திருக்கமாட்டான் என்பதால் இரவெல்லாம் காலைத் தட்டிக்கொண்டும் பேச்சுக் கொடுத்துக்கொண்டும் விழித்திருந்தார்கள். தலைக்குமேல் நட்சத்திரங்களும், காலடியில் இத்தாலி தேசம் முழுவதும் மூழ்கிக்கிடந்த இருளுமாய் அந்த இரவு அவருக்கு வாழ்நாளெல்லாம் மறக்கவில்லை. பின்னாளில் அவர் எழுதிய விவரணத்திலே குளிரைப் பற்றிய முறையீட்டைக் காட்டிலும் அந்த அமைதியைப் பற்றிய வியப்பே மிகுதி.

மறுநாள் காலை துபூர் சிகரத்தில் நின்றார்கள். பிறகு சும்ஸ்டைன் கணவாயைக் கடந்து சுவிட்சர்லாந்துப் பக்கம் இறங்கினார்கள். அதுவரை யாரும் அந்தக் கணவாயை இப்படிக் கடந்ததில்லை. கீழேயுள்ள பனியாற்றில் பிளவுகள் மறைந்து கிடக்கும். அங்கேயும் இருட்டிவிட்டது, அங்கேயும் பிடிவாதம் பிடிக்காமல் ஒதுங்கி, இரண்டாம் இரவையும் வெளியிலேயே கழித்து, காலை வெளிச்சத்தில்தான் செர்மாத் கிராமத்துக்கு இறங்கினார்கள். நால்வருக்கும் ஒரு காயமும் இல்லை. சில நாட்களுக்குள் மட்டர்ஹார்ன் சிகரத்திலும் ஏறினார்கள் என்றால் அவர்களுடைய தேகபலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டு, 1890-ல், மோம்பிளான் மலைமேல் ஏறி, தோம் என்ற பனியாற்றின் வழியாய் இத்தாலிக்கு இறங்கினார். அதுவும் புதுவழி. அதன்பின் சிறு மலைகளில் ஏறிக்கொண்டிருந்தாலும், புத்தகசாலைப் பொறுப்பு பெருகிற்று. 1907-ல் அம்புரோசியார் புத்தகசாலைக்குத் தலைவரானார். 1914-ல் வத்திக்கான் புத்தகசாலைக்கே தலைவரானார்.

அக்காலத்தில் முதல் உலகயுத்தம் ஆல்ப்ஸிலும் நடந்தது. 1916-ம் ஆண்டு டிசம்பர் 13-ந் தேதி, அர்ச். லூசியம்மாள் திருநாளன்று, மர்மொலாடா மலையில் ஆஸ்திரியப் போர்வீரர்கள் தங்கியிருந்த கொட்டகைகள்மேல் பனிச்சரிவு விழுந்து இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நாட்கணக்காய் ஏராளமான பனி பெய்து, பிறகு திடீரென்று வெப்பம் ஏறியதே காரணம். அதே மர்மொலாடாவில் 2022-ம் ஆண்டு ஜூலை 3-ந் தேதி, மிஞ்சிய வெப்பத்தால் பனியாற்றின் ஒரு துண்டு பிற்பகலில் பெயர்ந்து விழுந்து பதினொருவர் மாண்டார்கள். அதிலே அனுபவமுள்ள வழிகாட்டிகளும் இருந்தார்கள்.

1918-ல் பாப்பரசர், புத்தகசாலையில் இருந்தவரைத் திடீரென்று போலந்து தேசத்துக்குத் தமது பிரதிநிதியாய் அனுப்பினார். 1920 ஆகஸ்டில் போல்ஷெவிக் படை வார்சா நகரை நெருங்கியபோது மற்ற நாட்டுத் தூதர்களில் பெரும்பாலோர் புறப்பட்டுப் போனார்கள். இவர் போகவில்லை. மலைச்சுவரில் இருட்டும் வேளையில் நின்ற இடத்திலேயே நின்றவர் என்பது எனக்கு இங்கே ஞாபகம் வருகிறது. 1921-ல் மிலான் அதிமேற்றிராணியாரும் கர்தினாலுமானார். அங்கே சில மாதங்களே இருந்தார். 1922 பெப்ரவரி 6-ந் தேதி பாப்பரசராகத் தெரிந்துகொள்ளப்பட்டார்.

அந்த நாளில் பாப்பரசர்கள் வத்திக்கானை விட்டு வெளியே வருவதில்லை. 1870-ல் இத்தாலி அரசு ரோமையைக் கைப்பற்றியது முதல் அப்படி ஒரு வழக்கம். மோந்தே ரோசாவின் உச்சியில் நின்றவருக்கு இனி ஒரு தோட்டமும் சில மண்டபங்களுந்தான். தோட்டத்திலே தினமும் வேகமாய் நடப்பார். கூட நடக்கிறவர்கள் திணறுவார்கள். 1929 பெப்ரவரி 11-ந் தேதி உடன்படிக்கை கையெழுத்தானபின் வெளியே வரமுடிந்தது. ஆனால் வயதோ எழுபதைத் தாண்டிவிட்டது. அந்த மலைகளில் அவர் மறுபடி ஏறவேயில்லை.

மலைகளை அவர் மறந்தாரென்று எண்ணவேண்டாம். 1923 ஆகஸ்டு 20-ந் தேதி ஒரு திருமுகம் எழுதி, மெந்தோன் ஊர் அர்ச். பெர்நார்துவை ஆல்ப்ஸ் மலைவாசிகளுக்கும் மலையேறுகிறவர்களுக்கும் பாதுகாவலராக ஏற்படுத்தினார். பதினோராம் நூற்றாண்டில் அயோஸ்தா நகரின் தலைமைத் தியாக்கோனாயிருந்த அந்த அர்ச்சியசிஷ்டவர், 2,469 மீட்டர் உயரமுள்ள கணவாயில் வழிப்போக்கருக்கு ஒரு சத்திரம் கட்டினார். ரோமைக்குப் போகும் திருயாத்திரிகர்கள் அவ்வழியே போவார்கள். சத்திரத்துச் சந்நியாசிகள் பனிக்காலத்தில் வெளியே வந்து, வழிதவறினவர்களைத் தேடிக் கூட்டிவருவார்கள். அதற்குத் துணையாய் வளர்த்த பெரிய நாய்களுக்கும் அர்ச். பெர்நார்து என்ற பெயர் வந்தது. 1800 முதல் 1814 வரை வாழ்ந்த பாரி என்ற நாய் நாற்பது பேருக்குமேல் காப்பாற்றியதாகச் சொல்கிறார்கள். அதன் உடல் பாடம்பண்ணி சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரக் காட்சிசாலையில் வைக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

அதே 1923-ம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான் இந்தப் பாப்பரசர் தூத்துக்குடியைத் தனி மறைமாவட்டமாக்கி, சேசுசபைக் குருவும் தமிழருமான ரோச் ஆண்டகையை அதன் முதல் மேற்றிராணியாராக நியமித்தார். 1926-ல் ஆறு சீனக் குருக்களை ரோமைக்கு வரவழைத்துத் தாமே மேற்றிராணியாராய் அபிஷேகம் பண்ணினார். அந்தந்த நாட்டு மந்தைக்கு அந்தந்த நாட்டு மேய்ப்பரே வேண்டும் என்பதில், பலர் தயங்கியபோதும், அவர் முன்னே போனார். 1937 குருத்து ஞாயிறன்று, ஹிட்லரின் அரசைக் கண்டித்து அவர் எழுதிய நிருபம், முன்கூட்டி யாருக்கும் தெரியாதபடி இரகசியமாய் அச்சிடப்பட்டு, ஜெர்மனியின் கோவில்களில் வாசிக்கப்பட்டது. அப்போது அவருக்கு 79 வயது. இருதயமும் கால்களும் நோயால் தளர்ந்திருந்தன. 1939 பெப்ரவரி 10-ந் தேதி இறைவனடி சேர்ந்தார்.

மோம்பிளானிலிருந்து 1890-ல் அவர் இறங்கிவந்த வழி இன்றும் இருக்கிறது. இத்தாலியப் பக்கத்திலிருந்து ஏறுகிறவர்கள் அதை அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். அடிவாரத்துப் பனியாற்றுக்கு மேலே கொன்னெல்லா என்ற தங்குமனை இருக்கிறது. அங்கே இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரமாய் முடித்துப் படுத்துவிடுகிறார்கள். நள்ளிரவு வாக்கில் எழுப்புகிறார்கள். வெளியே வந்தவுடன் வழிகாட்டி முதலில் வானத்தைப் பார்க்கிறார்; பிறகு குனிந்து, பூட்ஸ் குதிகாலால் பனியை மிதித்து, அது உறைந்திருக்கிறதா என்று பார்க்கிறார்.